பாதை சுற்றிப் போன நிலம்

பகல் தூக்கத்தில்தான் எனக்கு நிலங்கள் வருகின்றன. சாப்பிட்டுவிட்டு ஆவடி வீட்டின் முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே படுத்தால், கண் சொருகும் நேரத்தில் ஏதாவது ஒரு எல்லைக் கல் தெரியும். அதிலிருந்து நடக்க ஆரம்பிப்பேன். முப்பத்து நான்கு வருஷம் நில அளவராக இருந்தவனுக்கு வேறென்ன வரும்? பெரும்பாலும் இப்போது இல்லாத நிலங்கள். வானகரத்தில் நான் வரப்பு வரப்பாக அளந்த கழனியின்மேல் இன்று கல்யாண மண்டபம் நிற்கிறது. குமணன்சாவடிப் பக்கம் ஒரு கிணற்றைச் சுற்றி ஆறு அளவு எடுத்தேன். அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. தூக்கத்தில் மட்டும் கிணறு இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. என் மனைவி எழுப்பி, "யாருக்குக் கல்லு காட்டிகினு கீறீங்க?" என்பாள். கையை நீட்டிக்கொண்டே தூங்குவேனாம்.

போன மாதம் அப்படி ஒரு தூக்கத்தைக் கலைத்து போன் வந்தது. தேன்மொழி என்கிற இளம் நில அளவர், நான் ஓய்வு பெற்ற வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். இப்போது அவர்களுக்குப் புதுக் கருவி வந்துவிட்டது. கம்பை நட்டுவிட்டு நின்றால் வானத்திலிருந்து அளவு இறங்கி வருகிறது.

"சார், எல்லாம் மெஷினே போட்டுக் குடுத்துடுது. கடைசியில 'குறிப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன சார் எழுதறது? எல்லாரும் கோடு போட்டு விட்டுடறாங்க."

தூக்கக் கலக்கத்தில் "பார்த்ததை எழுதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. நான் சொன்னது பாதிப் பதில்தான். பார்த்ததை மட்டும் எழுதித்தான் என் வேலையில் பெரிய தப்பைச் செய்தேன்.

என் அப்பா பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் மற்றவர்கள் நிலத்தில் வரப்பு வெட்டியவர். எங்களுக்கென்று ஒரு முழம் கழனி கிடையாது. அவர் வெட்டிய வரப்புகளைப் பின்னால் நான் அரசாங்கச் சம்பளத்தில் அளந்தேன். அதில் எனக்கு உள்ளூர ஒரு திமிர் உண்டு, மறைப்பானேன்? பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயில், டேப், காலில் கொப்புளம். பயிற்சியில் முதலில் சொல்லித் தந்தது, அளவு வேலையைக் கோடையில் முடித்துவிட வேண்டும் என்பது. பயிர் இருக்காது, வாய்க்கால் காய்ந்திருக்கும், கல்லெல்லாம் தலை காட்டும். நாங்கள் எல்லா நிலத்தையும் மே மாதத்தில்தான் பார்த்தோம். அதில் ஒரு குறை இருக்கிறது என்று யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான்.

என் கடைசி இரண்டு வருஷத்தில் எங்களுக்கு ஒரு தாசில்தார் மேடம் வந்தார். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. கோப்பைக் கொண்டுபோய் வைத்தால் உடனே திறக்க மாட்டார். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைப்பார். பேனாவை மூடுவார். பிறகு மெதுவாக, "கண்ணை மூடுங்க. வடகிழக்குக் கல்லுல நில்லுங்க. நடந்துகிட்டே சொல்லுங்க" என்பார்.

முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. அலுவலகத்தில் ஜன்னலுக்கு வெளியே ஜெராக்ஸ் கடைக் கூட்டம், உள்ளே ஐம்பத்தெட்டு வயது ஆள் கண்ணை மூடிக்கொண்டு, "இங்க ஒரு வேப்பமரம் மேடம், அதைத் தாண்டினா பள்ளம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நேரில் போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து அறிக்கை எழுதியவன் இரண்டாவது கல்லுக்குள் மாட்டிக்கொள்வான். நடுவில் வழி தெரியாமல் நின்றால் மேடம் கோப்பை நம் பக்கம் தள்ளிவிடுவார். போய்ப் பார்த்துவிட்டு வா என்று அர்த்தம். எனக்கு அது சீக்கிரம் பிடித்துப்போனது. நான் இன்று பகலில் காணும் கனவெல்லாம் அந்த அறையில் பழகியதுதான்.

நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி வடக்கே நடந்தால் ஒரு சரிவு வரும். ஊரில் அதைச் செங்கரடு என்பார்கள். பத்துப் பன்னிரண்டு ஏக்கர் இருக்கும். சிவப்புச் சரளை மண், நடுநடுவே பாறை முதுகு. பதிவேட்டில் 'கல்லாங்குத்துப் புறம்போக்கு' என்று பெயர். கல் நிறைந்த, எதற்கும் ஆகாத அரசு நிலம். அதைச் சரக்குக் கிடங்கு கட்ட ஒரு கம்பெனி கேட்டிருந்தது. நிலத்தைப் பார்த்து அறிக்கை தரும் வேலை எனக்கு வந்தது.

மே மாதம் மூன்று நாள் அளந்தேன். ஒழுங்காகவே அளந்தேன். கல்லெல்லாம் கண்டுபிடித்தேன், காணாமல் போன இரண்டைத் திரும்ப நட்டேன். ஊரிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையைப் புலப்படம் என்கிற நில வரைபடத்தில் புள்ளிக்கோடாகப் போட்டேன். அந்தப் பாதை நிலத்தின் நடுவே நேராகப் போகாமல், கிழக்கு எல்லையை ஒட்டி வளைந்து, தெற்கே சுற்றிக்கொண்டு போனது. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் அதன் வளைவை அளந்து குறித்தேன். குறிப்பில், 'பயிர் இல்லை, நீர் இல்லை, மரம் இல்லை, யாருக்கும் உபயோகம் இல்லை' என்று எழுதினேன்.

மேடம் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தார். கண்ணை மூடி நடந்தேன். சரளை, பாறை, காய்ந்த புல். பாதைக்கு வந்ததும் அவர் குரல் குறுக்கே வந்தது.

"நேரா போனா ஸ்டேஷன் பக்கமாச்சே. ஏன் சுத்திப் போகுது?"

"பழக்கம் மேடம்."

பேனாவைத் திறந்து அறிக்கையில் கையெழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

மழைக்காலம் வந்தது. உத்தரவு வருவதற்கு முன்பே கம்பெனி ஆட்கள் அவசரப்பட்டு ஜே.சி.பி.யைக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு ஜெயராமன் என்கிற பால்காரர் தன் ஏழு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்து அதன் முன்னால் கட்டிவிட்டார். அவர் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். கழனி போய் மாடு மட்டும் மிஞ்சியவர். ஜே.சி.பி. டிரைவர் மத்தியானம் வரை பார்த்துவிட்டு, இறங்கி அவரிடமே ஒரு சொம்பு பால் வாங்கிக் குடித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார் என்று ஆபீசில் சிரித்தோம்.

அடுத்த திங்கட்கிழமை, மனு நாளன்று, கஸ்தூரி வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை செய்பவர். நாற்பது வயதிருக்கும். ஜெயராமன் வீட்டுக் கழனியில் மூன்று தலைமுறை கூலி வேலை செய்த குடும்பம் அவருடையது. ராத்திரி ஷிப்ட் முடித்து அப்படியே வந்திருந்தார். கையில் எண்ணெய்க் கறை போகவில்லை. கூட இன்னொரு பெண். வாரம் இரண்டிரண்டு பேராக, ஷிப்டை விட்டுவிட்டு, ஒவ்வொரு திங்களும் வந்தார்கள். "செங்கரட்டைக் குடுக்காதீங்க, அங்க செடி கீது" என்பதுதான் மனு.

"செடியைக் கொண்டுவாங்களேன், பார்ப்போம்" என்றேன் ஒரு நாள், எரிச்சலில்.

"பறிச்சுகினு வர்ற செடி இல்ல சார் அது. நீங்க வாங்க."

"நான்தாம்மா அளந்தேன். அங்க ஒண்ணும் இல்ல."

அவர் போனை எடுத்தார். நான் போட்ட புலப்படம் அதில் இருந்தது. இப்போதுதான் எல்லாம் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாமே. விரலால் பெரிதாக்கி, புள்ளிக்கோட்டின் வளைவில் கறை படிந்த நகத்தை வைத்தார்.

"இத்தப் போட்டது நீங்கதான? இம்மாம் கரெக்டா போட்டுகீறீங்க. அங்க நடந்துகினு இருந்த ஒரு பொம்பளயக் கூப்ட்டு, இன்னாத்துக்கு சுத்திகினு போறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?"

கேட்கவில்லை. வளைவைச் சென்டிமீட்டர் சுத்தமாக அளந்தவன், அது ஏன் வளைந்தது என்று கேட்கவில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சூடானது. அந்த ஞாயிற்றுக்கிழமையே, கஸ்தூரிக்கு மட்டும் சொல்லிவிட்டு, ஆபீசில் யாரிடமும் சொல்லாமல், விடியற்காலை ரயிலில் நெமிலிச்சேரி போனேன்.

மார்கழி முடியும் நேரம். பனி இறங்கியிருந்தது. பாதை வளையத் தொடங்கும் இடத்தில் கஸ்தூரியும் ஜெயராமனும் நின்றிருந்தார்கள். பாதையோரமாக இரண்டு ஜோடி செருப்பு.

"செருப்ப இங்கியே வுட்டுட்டு வாங்க சார்" என்றார் கஸ்தூரி.

வெறுங்காலில் பாதையின் உள்விளிம்பு வரை போய் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். முதலில் தரை மட்டும்தான் தெரிந்தது. மே மாதம் நான் நடந்த அதே தரை. ஆனால் சிவப்பு வேறாக இருந்தது. குனிந்து பார்த்தபோதுதான் அது மண்ணின் சிவப்பு இல்லை என்று புரிந்தது. ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சின்னச் சின்னச் செடிகள், தரையோடு தரையாக, வட்ட வட்டமாக, பாறையின் ஈரம் தெரியும் இடமெல்லாம் ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு இலையிலும் முடி முடியாக, ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஒரு துளி. கற்களுக்கு நடுவே தண்ணீர் சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருந்தது. ஊசி போன்ற தண்டுகளில் மஞ்சள் பூக்கள், எதன் பூ என்றே தெரியாமல், தண்ணீருக்குமேல் தனியாக நின்றன. நகத்தளவு தவளை ஒன்று என் கால் விரலில் ஏறி, யோசித்து, இறங்கிப் போனது.

அப்போது வெயில் வந்தது. அந்தச் சரிவு முழுதும் ஒரே நேரத்தில் மினுங்கத் தொடங்கியது. எங்கோ பட்டாபிராம் பக்கம் ரயில் போகும் சத்தம் கேட்டது. அது ரொம்பத் தூரத்தில், வேறு யாருக்காகவோ போகிற ரயிலாக இருந்தது. நான் எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாகவும் அவ்வளவு குற்ற உணர்ச்சியோடும் ஒரே நேரத்தில் நான் இருந்ததில்லை.

"அழுகண்ணி சார்" என்றார் கஸ்தூரி, மெதுவாக. "கார்த்திகைல வரும். மாசில பூடும். அப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் தெரியாது. எங்கம்மா சொல்லும், ராவெல்லாம் அழுதுட்டு இப்பதான் கண்ணு அசந்துகீது, மெறிச்சுடாதடின்னு."

"எங்கூட்ல வேற மாறி சொல்வாங்க சார்" என்றார் ஜெயராமன். "மாடு இத்த மெறிச்சா மடி வத்திடும்னு. எங்க தாத்தாவும் இவுங்க தாத்தாவும் ஒண்ணா ஒக்காந்து டீ குட்ச்சது கெடையாது. ஆனா இங்க வந்தா ரெண்டு பேரும் சுத்திகினுதான் போவாங்க."

"நல்ல மண்ணுல இது வராதாம் சார்" என்றார் கஸ்தூரி. "காலேஜ் புள்ளைங்க வந்து பாத்துட்டு சொன்னாங்க. மண்ணுல ஒண்ணுமே இல்லாததாலதான் கொசுவப் புட்ச்சி தின்னுகினு பொழைக்குது. சுத்துவட்டாரத்துல வேற எங்கயும் இப்டி இல்லியாம். நீங்க ஒதவாத நெலம்னு எழுதுனீங்கள்ள? அதான் சார் இதுக்கு ஊடு."

திங்கட்கிழமை காலை, மனு நாள் கூட்டம் சேர்வதற்கு முன் மேடம் அறைக்குப் போனேன். எனக்கு ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. அரசு ஊழியனுக்கு அந்த ஐந்து மாதம் எப்படிப்பட்டது என்று அரசு ஊழியனுக்குத்தான் தெரியும். கடைசி நாள் சாயங்காலம் மாலையும் சால்வையுமாக நிற்கும்போது சஸ்பென்ஷன் உத்தரவு கையில் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் பக்கத்து மேஜை நண்பர் சம்பந்தம் முன்னாலேயே சொன்னார்: "இன்னா மாமே, பேசாம போற வயசுல நீயே போய் தலைய நீட்டிகினு கீற? உன் அறிக்கைய நீயே பொய்யின்னு சொன்னா அவுங்க உன்ன இன்னா கொஞ்சுவாங்களா?"

மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கடிகாரத்தைக் கழற்றினார்.

"கண்ணை மூடுங்க."

வடகிழக்குக் கல்லில் நின்றேன். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். பனியைச் சொன்னேன், கசிவைச் சொன்னேன், துளிகளைச் சொன்னேன், தவளையைச் சொன்னேன். பாதை ஏன் வளைகிறது என்று சொன்னேன். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால் மேடமும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் எழுப்பவில்லை. வெளியே ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"எழுதிக் கொடுங்க" என்றார் கண்ணைத் திறந்து. "உங்க தப்பையும் சேர்த்து எழுதுங்க. பாதி எழுதினா மேல அனுப்ப முடியாது. உங்களுக்கு மெமோ வரும், நான்தான் கொடுப்பேன். தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"இன்னொண்ணும் இருக்கு. அது உங்களுக்கு மறந்துபோச்சு."

கோப்பைத் திருப்பிக் காட்டினார். செங்கரட்டின் தெற்கு ஓரத்தில் ஒரு வரிசை நிலத்தை வீட்டு மனைகளாகப் பிரித்து, பட்டா கேட்டு மனு போட்டிருந்த, அந்த ஊரில் சொந்த வீடில்லாத தெருக்காரர்களுக்குக் கொடுப்பது என்று அந்தத் திட்டத்திலேயே இருந்தது. பட்டியலில் முதல் பெயர் கஸ்தூரி. பதினைந்து வருஷமாக மனு. முழு நிலத்தையும் கசிவு நிலம் என்று நான் எழுதினால் அங்கே கிடங்கும் வராது, யாருக்கும் வீட்டு மனையும் வராது.

எங்கள் வீட்டுக்குப் பட்டா வந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா, அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டே சோறு சாப்பிட்டாள். அதை வைத்துவிட்டுச் சாப்பிடச் சொன்னால் கேட்கவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவன்தான் கஸ்தூரியின் காகிதத்தைத் தடுக்கிற அறிக்கையை எழுதினேன். மூன்று தடவை கிழித்துப் போட்டுத் திரும்ப எழுதினேன், மெமோவுக்குப் பயந்து இல்லை.

அடுத்த வாரம் மேடம் நேரில் வந்தார். பாதையின் ஓரம் நின்று, அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு தெருக்காரர்களைக் கூப்பிட்டு மறைக்காமல் சொன்னார்: "இந்த இடத்தை இப்படியே விடணும்னு நான் எழுதினா, உங்க மனை மனு இங்க நிக்காது. வேற எடம் பார்க்கறோம்னு எழுதறேன். ஆனா எப்ப கிடைக்கும்னு நான் வாக்கு கொடுக்க மாட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க."

பன்னிரண்டு குடும்பம். பாதையைத் தாண்டி ஊர்ப்பக்கம் இருந்த பனைமரத்தடியில் போய் நின்று பேசினார்கள். எங்களுக்குக் கேட்கவில்லை. கைகள் மட்டும் தெரிந்தன. ஒருவர் துண்டை உதறிவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தார். இரண்டு பெண்கள் அழுதார்கள். கஸ்தூரி தரையைப் பார்த்தபடி நின்றார். ஜெயராமன் கூட்டத்துக்குள் போகாமல் தூரத்தில் மாட்டைத் தடவிக்கொண்டிருந்தார். தனக்குச் சொந்த வீடு இருக்கும்போது அங்கே போய்ப் பேச வாய் வரவில்லை என்று என்னிடம் சொன்னார்.

அரைமணி நேரம் கழித்து கஸ்தூரி வந்தார். "மனை மனுவத் திரும்ப எடுத்துக்கறோம் மேடம்."

மனுவைத் திரும்பப் பெறவும் கையெழுத்து வேண்டும். அதுதான் நடைமுறை. ஜீப்பிலிருந்து மைப்பெட்டியை எடுத்துவரச் சொன்னார் மேடம். அந்த மைப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். கஸ்தூரி கையெழுத்துப் போட்டார். ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் வந்த அம்மாள் கட்டைவிரலை மையில் அழுத்திக்கொண்டே, "நல்லா இருடி. உன் பூண்டோட நீயே குடும்பம் நட்த்து" என்று கஸ்தூரியைத் திட்டிவிட்டு ரேகையை வைத்தார். கஸ்தூரி அந்த அம்மாளின் விரலைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தேன். என் பணிப்பதிவேட்டில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் 'கவனக்குறைவுக்காகக் கண்டிக்கப்பட்டார்' என்று இருக்கிறது. அதோடு விட்டார்கள். மாலையும் சால்வையும் நல்லபடியாகவே வாங்கினேன். அன்று சாயங்காலம் வரை தபால் பையன் என் பக்கம் வரும்போதெல்லாம் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஓய்வு பெற்ற சில மாதத்தில் செங்கரட்டை யாருக்கும் கொடுப்பதில்லை என்று உத்தரவு வந்தது. பதிவேட்டில் 'நீர்க்கசிவு நிலம்' என்று ஆயிற்று. வேறு இடத்தில் மனை தருவதற்கான கோப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நடக்கிறது என்றால், மேஜைக்கு மேஜை.

போன தை மாதம் கஸ்தூரியின் வாடகை வீட்டுக்காரர், இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லிக் காலி செய்யச் சொன்னார். கேள்விப்பட்டு நான் போனேன். தெருவில் ஒரு குட்டியானை வண்டி நின்றிருந்தது. ஜெயராமன் மேலே நின்று சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பீரோ, பாய், டிவி, ஒரு தொட்டிச் செம்பருத்தி. கஸ்தூரி கிரைண்டரை வாசல்வரை உருட்டிக்கொண்டு வந்து மூச்சு வாங்கினார்.

நாலைந்து வருஷமாகக் கேட்க நினைத்ததை அப்போதுதான் கேட்டேன். "வருத்தமா இல்லையாம்மா?"

"இன்னா சார் கேள்வி இது? வருத்தம் இல்லாம? நாலு செவுத்துக்குப் பதினஞ்சு வருசம் அலைஞ்சவ நான்." குரல் உயர்ந்து, பிறகு இறங்கியது. "எனக்குப் புட்ச்ச எடம் அந்தத் தெக்கு ஓரம். சமையக்கட்டு ஜன்னல் எந்தப் பக்கம் வெக்கறதுன்னுகூட நென்ச்சி வெச்சிருந்தேன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாங்க பட்டாபிராம் போவோம், இந்துக் காலேஜ் பக்கம் போவோம், எங்கனா ஒரு ஊடு தேடிக்குவோம் சார். அது எங்க போயி மொளைக்கும்?"

பிறகு கிரைண்டரின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

"அந்தப் பக்கம் புடிங்க. பேசிகினே நின்னா இது தானா ஏறுமா?"

பிடித்தேன். கனமாகத்தான் இருந்தது.